பழைய பஜிரோ வாங்கிய பின் முதலில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கிளிநொச்சியில் 4டி56 டீசல் இயந்திரம் பூட்டிய பழைய பஜிரோ ஒன்றை வாங்கிவிட்டு, பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவதென்று கேட்டிருக்கிறீர்கள்.

வால்வுகளைப் பிஸ்டன்களின் அசைவுக்கு ஏற்பத் திறந்து மூட வைக்கும் ரைமிங் பெல்ற் மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லையென்றால், அது மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். இந்த இயந்திரத்தில், அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் தண்டுகளை ஓட்டும் சிறிய பெல்ற்றும் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சிக்கினால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டுப் பெருஞ்செலவாகும் என்பதால், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வன்னியில் ஓடிய வாகனத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது டிபரன்சல், அதாவது வளைவில் இரு பக்கச் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், அச்சிலுள்ள பற்சக்கரத் தொகுதி. மாரியில் குளங்கள் வான்பாயும்போது, ஓடிச் சூடான அச்சு வெள்ளத்துக்குள் இறங்கியதும் குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அதன் மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், அந்தச் சுருக்கம் சீல்களின் வழியே தண்ணீரை உள்ளிழுத்துவிடும். இதை அறிய டிபரன்சல் ஒயிலை வடித்துப் பார்க்க வேண்டும். ஒயில் நிரப்பும் மேல் திருகை முதலில் கழற்றுங்கள். அது இறுகிக் கிடப்பதை அறியாமல் கீழ்த் திருகைத் திறந்து வடித்துவிட்டால், மீண்டும் நிரப்ப வழியிருக்காது. வடியும் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெல்லிய கருந்தூள் இயல்பானது. விரலில் தட்டுப்படும் உலோகத் துண்டுகள் பற்சக்கரம் உடைவதைக் காட்டுகின்றன.

முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிபரன்சல் இல்லாத பழைய அமைப்பாயின், நான்கு சில்லு இழுவையைத் தார் வீதியில் சோதிக்காதீர்கள். வளைவில் சில்லுகள் வழுக்க இடமின்றிப் பற்சக்கரங்கள் முறுகும். கிரவல் வீதியே அதற்கு ஏற்றது. அந்தப் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடுவதால், அதையும் உடனே புதிதாகப் போடுங்கள்.