மரபான ஓவியப் பயிற்சி பருவநிலை மாற்றத்தை வரைய உதவுமா?

உதவும். என் கணிப்பில், சுவரொட்டி பாணியை விட அதிகமாகவே உதவும்.

நியூயார்க் ஓவியர் அலெக்சிஸ் ராக்மனின் 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி' (2004) படத்தைப் பாருங்கள். 8 அடி உயரம், 24 அடி அகலம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள அருங்காட்சியகத்தில் முதலில் வைக்கப்பட்டது. இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. படத்தில் கடல் மட்டம் ஏறி, புரூக்ளின் கரை மூழ்கிக் கிடக்கிறது. புரூக்ளின் பாலம் இடிந்து நிற்கிறது. மனிதர் ஒருவர்கூட இல்லை. மீன்தொட்டியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் ஒரே நேரத்தில் தெரியும்.

மரபான பயிற்சி தெரிவது, படத்தில் அவர் வெளிச்சத்தைக் கையாளும் விதத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் ஃபிரெடெரிக் சர்ச், ஆல்பர்ட் பியர்ஸ்டாட் போன்ற நிலக்காட்சி ஓவியர்கள் அமெரிக்க நிலத்தின் பெருமையைக் காட்ட வானத்தைப் பொன்னிறமாக மினுக்கினார்கள். அதே மினுக்கலை ராக்மன் மூழ்கிய நகரத்தின் மேல் ஊற்றுகிறார். முதலில் "அட, எவ்வளவு அழகு" என்றுதான் தோன்றும். எதைப் பார்க்கிறோம் என்பது பிறகே உறைக்கும். அழகாக இருப்பதால் விஷயம் நீர்த்துப்போகிறது என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை: முகம் சுளிக்க வைக்கும் படத்தின் முன் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

கற்பனைதான், ஆனால் மனம்போன போக்கில் வரைந்ததல்ல. வரையும் முன் விஞ்ஞானிகளிடமும் கட்டிடக்கலைஞர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.