1801 போர்: தனித்தனிக் கலகங்களா, ஒரே போரா?

தமிழகப் பாளையக்காரர்கள் கும்பினியை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்து நடத்தியது 1801 போர். கும்பினி ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டும் இந்தப் போரின் வரலாற்றை எழுத முடியும். ஆனால் அவற்றின் தலைப்புகளையும் வட்டாரப் பிரிவுகளையும் அப்படியே ஏற்கக் கூடாது.

பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை, திண்டுக்கல் நிகழ்வுகள் ஒன்றோடொன்று இணையவில்லை, அவை தனித்தனிக் கலகங்களே என்கிறீர்கள். அதிகாரிகள் ஒவ்வொன்றையும் பாளையக்காரரின் உள்ளூர்க் கலகமாகப் பதிந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம். பெயர் சிறுத்தால் போரும் சிறுத்துவிடுகிறது, இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். வட்டாரப் பெயர்களை ஒதுக்கி, தேதிகளை மட்டும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டை மீதான முயற்சி, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பியது, ஜூன் 16-இல் ஆங்கிலேயரை எதிர்க்க மக்களை அழைத்த, சிவகங்கைச் சின்ன மருதுவின் திருச்சிராப்பள்ளி அறிக்கை, அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது, 1802-இல் கிளர்ச்சியாளர்கள் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டது. பிறகு ஒவ்வொரு தேதிக்கும் அருகே, அதைச் சொல்லும் ஆவணம் எப்போது எழுதப்பட்டது என்பதையும் குறியுங்கள். களத்தில் இருந்த கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக் குறிப்புகூட 1830-இல்தான் அச்சேறியது என்பதால், அன்றைய கடிதமும் பிற்கால நினைவும் ஒரே எடை கொண்டவை அல்ல.

இந்தப் போரைப் பற்றி மக்கள் பாடிய கதைப்பாடல்களைத் தேதிக்காக நம்ப வேண்டாம்; ஆனால் மக்கள் யாரை, ஏன் நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை.

ஓர் எச்சரிக்கை: இணைப்பைத் தேடும் ஆர்வத்தில் முழு ஒற்றுமை நிலவியதாக எழுதிவிடாதீர்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கும்பினியின் பக்கம் நின்றதையும் அதே வரிசையில் சேர்த்தாக வேண்டும்.