ஜாவாவிலிருந்து கோவுக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு வருடமாக ஜாவாவில் வேலை செய்கிறேன். எங்கள் குழு இப்போது கோ (Go) நிரல்மொழிக்கு மாறுகிறது. இலக்கணம் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. ஆனால் நான் எழுதுவதையெல்லாம் பார்த்து, "இது ஜாவா மாதிரியே இருக்கு சார்" என்கிறார் ரிவ்யூ செய்யும் இளைஞர். நான்கு வரிக்கு ஒரு எரர் செக் எழுதிக் கையும் ஓய்ந்துவிட்டது. எதில் முதலில் கவனம் வைக்க வேண்டும்?

முரளி, சென்னை

அன்புள்ள முரளி,

அந்த இளைஞர் சொல்வது பெரும்பாலும் நடையைப் பற்றியது. அதைப் பையத் திருத்திக்கொள்ளலாம். பார்க்க ஜாவா போலவே இருந்து, ஓடும்போது வேறு விதமாக நடந்துகொள்ளும் இடங்களைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அனுபவசாலிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். புதிதாகப் படிப்பவர் சந்தேகத்தோடு ஆவணத்தைத் திறக்கிற இடத்தில், உங்கள் கை தானாகவே எழுதிவிட்டுப் போய்விடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பேனிக், அதாவது ஓடும்போது வேலையைத் தொடர முடியாமல் எழும் பிழை. ஜாவாவில் ஒரு த்ரெட்டில் பிடிக்கப்படாத எக்செப்ஷன் வந்தால் அந்த த்ரெட் மட்டும் சாகும். கோ மொழியில் ஒரு கோரூட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்) பேனிக் ஆகி, அதே கோரூட்டீனுக்குள் அதைப் பிடிக்கும் ரெக்கவர் இல்லையென்றால், மொத்த ப்ராசஸும் விழும். ஹெச்டிடிபி ஹேண்ட்லருக்குள் வரும் பேனிக்கை நெட்/ஹெச்டிடிபி பேக்கேஜே பிடித்துக்கொள்வதால் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஹேண்ட்லருக்குள்ளிருந்து மெயில் அனுப்ப நீங்கள் கிளப்பிவிடும் கோரூட்டீனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மேப்பும் (சாவி-மதிப்பு அட்டவணை) இதே ரகம். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தனி கோரூட்டீனில் ஓடுகிறது. பொதுவான ஒரு மேப்பைக் கேஷாக வைத்து, பூட்டில்லாமல் இரண்டு கோரூட்டீன்கள் ஒரே நேரத்தில் எழுதி, ரன்டைம் அதைக் கண்டுபிடித்தால் ப்ராசஸையே நிறுத்திவிடும், ரெக்கவர்கூடக் காப்பாற்றாது. மியூடெக்ஸ் என்ற பூட்டைப் போடுங்கள். சிஐ-யில் (தானியங்கிச் சோதனையில்) டெஸ்ட்டுகளை, இப்படிப்பட்ட மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரோடு ஓட்டுங்கள். அது நினைவகத்தை 5 முதல் 10 மடங்கும் நேரத்தை 2 முதல் 20 மடங்கும் தின்னும் என்பதால் ப்ரொடக்ஷனில் வேண்டாம்.

சொந்தமாக எரர் டைப் வைத்திருந்தால் இதைக் கவனியுங்கள். ஃபங்ஷன் அந்த டைப்பின் பாயின்டரைத் திருப்பித் தருகிறது, மதிப்பு நில் (ஜாவாவின் நல் போல). அழைத்தவர் அதை எரர் இன்டர்ஃபேஸில் வாங்கி நில்லா என்று சோதித்தால் 'இல்லை' என்றே வரும். இன்டர்ஃபேஸுக்குள் டைப், மதிப்பு என இரண்டு பாகம். இரண்டும் காலியாக இருந்தால்தான் அது நில். ஃபங்ஷனின் திரும்பும் டைப்பை எப்போதும் 'எரர்' என்றே எழுதி, வெறும் நில்லைத் திருப்பினால் இந்தத் தொல்லை வராது.

ஸ்லைஸ் (ஒரு அர்ரேயின் பகுதியைக் காட்டும் ஜன்னல்), ஜாவாவின் அர்ரேலிஸ்ட் அல்ல. ஐந்து உறுப்புள்ள ஸ்லைஸில் முதல் இரண்டை வெட்டி எடுத்து அதில் ஒன்றை அப்பெண்ட் செய்தால், மூல ஸ்லைஸின் மூன்றாம் உறுப்பு சத்தமில்லாமல் அழிந்திருக்கும். இரண்டும் ஒரே அடி அர்ரேயைப் பகிர்கின்றன. வேறொருவருக்குக் கொடுக்கும் முன் நகலெடுங்கள், கோ 1.21 பதிப்பு முதல் ஸ்லைசஸ் பேக்கேஜில் அதற்கு க்ளோன் இருக்கிறது.

டிஃபர் (ஒரு வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது), ஜாவாவின் ட்ரை பிளாக் போல அல்ல. ஃபங்ஷன் முடியும்போதுதான் ஓடும். லூப்பில் ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் திறந்து டிஃபரில் மூடச் சொன்னால், கடைசிவரை எல்லாம் திறந்தே கிடக்கும். லூப்பின் உட்பகுதியைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிடுங்கள். இயல்பான ஹெச்டிடிபி கிளையண்டுக்கு டைம்அவுட் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்முனை பதில் சொல்லாமல் நின்றால் உங்கள் கோரூட்டீனும் நிற்கும்.

இனி கை ஓய்ந்த விஷயம். ஜாவாவில் ஸ்டாக் ட்ரேஸ் இலவசமாக வந்தது. இங்கே அதை நீங்களேதான் கட்ட வேண்டும். எரரை அப்படியே மேலே தள்ளாமல், 'ஆர்டர் 4512-ஐச் சேமிக்கையில்' என்பதுபோல ஒரு சொற்றொடர் சேர்த்து, 1.13-இல் வந்த சதவீதக்குறி-டபிள்யூவால் (%w) சுற்றி அனுப்புங்கள். மூல எரரை எரர்ஸ்.இஸ் மூலம் பிறகு அடையாளம் காணலாம். லாக் எழுதுவது உச்சியில் ஒரே இடத்தில் மட்டும். ஒவ்வொரு அடுக்கிலும் லாகும் எழுதி எரரையும் திருப்பினால் ஒரு பிழை நான்காகத் தெரியும்.

நடையைப் பொறுத்தவரை இரண்டு பழக்கத்தை விட்டால் அந்த இளைஞர் பாதி அமைதியாகிவிடுவார். ஒன்று, ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் (ஜாவாவின் கிளாஸ் போன்றது) முன்னதாகவே இன்டர்ஃபேஸ் எழுதுவது. அது பயன்படுத்துபவரின் பேக்கேஜில், அவருக்கு வேண்டிய ஒன்றிரண்டு மெத்தடுகளோடு இருக்கட்டும். மற்றொன்று கன்ட்ரோலர், சர்வீஸ், மாடல் என்று பேக்கேஜ் பிரிப்பது. ஜாவாவில் இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யலாம். கோ மொழியில் கம்பைலே ஆகாது. ஆர்டர், பில்லிங் என்று வேலைவாரியாகப் பிரியுங்கள். ஜாவாவின் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் போன்ற ஒன்றைத் தேடவும் வேண்டாம். மெயினில் பத்து வரி இணைப்பு போதும்.

பழைய ரெப்போவைத் தொடும் முன் கோ.மாட் ஃபைலில் உள்ள கோ பதிப்பைப் பாருங்கள். அங்கே 1.22-க்குக் குறைவாக இருந்தால், புதிய கம்பைலரிலும் லூப்பின் வேரியபிள் சுற்றுக்கொன்றாகப் புதிதாக வராது, எல்லாச் சுற்றுக்கும் ஒன்றுதான்.

உங்கள் சர்வீஸ் தமிழ்ப் பெயர்களை வாங்குமென்றால் இன்னொன்று. 'தமிழ்' என்பதன் நீளம் ஜாவாவில் 5, கோவின் லென் தருவது 15, ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. ஜாவாவில் 50 என்று வைத்திருந்த பெயர் வரம்பை அப்படியே கொண்டுவந்தால், புள்ளியும் கொம்பும் சேர்த்து 16 குறிகளைத் தாண்டியதும் நிராகரிக்கப்படும். யூடிஎஃப்8 பேக்கேஜின் ரூன் (யூனிகோட் குறி) எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள்.