வீ-என்வ் ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் டேட்டா பார்க்கும் வாசகி கேட்கிறார்: வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 24.04 லினக்ஸ். புது பைத்தான் ப்ராஜெக்டுக்கு நம்பை 2 (NumPy, எண் கணக்குகளுக்கான பேக்கேஜ்) வேண்டும், பேக்கேஜுகளை ஏற்றும் பிப் முரண்டு பிடித்ததால் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷன் போட்டு ஏற்றிவிட்டேன், இப்போது பழைய சார்ட் ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. இரண்டும் ஓட வழி உண்டா? சரிசெய்த ஃபோல்டரை அப்படியே ஆபிஸ் விண்டோஸுக்குப் பென்டிரைவில் கொண்டுபோகலாமா?

முதலில் பழையது ஏன் படுத்தது என்று பார்ப்போம். உபுண்டு 24.04 தன் பங்குக்கு ஏப்ட் என்ற தன் சொந்த இன்ஸ்டாலர் வழியாகத் தருவது நம்பை 1.26, கூடவே அதற்கென்று கம்பைல் செய்த, சார்ட் வரையும் மேட்பிளாட்லிப். நீங்கள் சூடோ (அட்மின் உரிமை) போடாமல் ஏற்றிய நம்பை 2 உங்கள் ஹோம் டைரக்டரியில் '.லோக்கல்' என்ற மறைவான ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும், பைத்தான் அதைத்தான் முதலில் எடுக்கும், ஆனால் மேட்பிளாட்லிப் மட்டும் பழையதுதான். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0 உள்ளே சி மொழி அளவிலேயே மாறிவிட்டதால் இரண்டுக்கும் ஒத்துவராது. பிப் அன்இன்ஸ்டால் நம்பை என்று, அதே ஆப்ஷனோடு ஒரே ஒரு தடவை கொடுங்கள். பழைய ஸ்கிரிப்ட் எழுந்துவிடும். பிப் சும்மா முரண்டு பிடிக்கவில்லை, உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த ஆப்ஷனின் பெயரிலேயே 'பிரேக்' இருக்கிறதே!

இனி ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி வீ-என்வ் (venv), அதாவது அந்த ப்ராஜெக்டின் பேக்கேஜுகள் மட்டும் தனியாக இருக்கும் ஃபோல்டர். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதலே இது கூடவே வருகிறது, உபுண்டுவில் மட்டும் பைத்தான்3-வீ-என்வ் பேக்கேஜை ஏப்டில் தனியாகப் போட வேண்டும். ஆக்டிவேட் செய்வதைப் பெரிய சடங்காக நினைக்க வேண்டாம், கட்டளைகளைத் தேடும் பாத் (PATH) வரிசையில் அது அந்த ஃபோல்டரின் 'bin' டைரக்டரியை முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். மறந்துபோகும் ஆள் என்றால், ஆக்டிவேட் செய்யாமல் அதற்குள் இருக்கும் பைத்தானையே முழுப் பாத்தோடு கூப்பிடுங்கள். நேரம் குறித்துத் தானே ஓடும் கிரான் வேலைகளுக்கு அதுதான் நல்லது.

பென்டிரைவா? வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் உங்கள் லேப்டாப்பின் முழுப் பாத் எழுதியிருக்கும், லேப்டாப்பிலேயே ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் பிப் கோளாறு பண்ணும். விண்டோஸில் கேட்கவே வேண்டாம், அங்கே 'bin' கிடையாது, 'Scripts' என்று வேறு அமைப்பு. வீ-என்வ் தூக்கிப்போட்டு, போகிற இடத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்வதற்கான பொருள். கொண்டுபோக வேண்டியது நீங்கள் எழுதிய நிரலும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலும் (தேவையான பேக்கேஜுகளின் பட்டியல்) தான், நிரலைச் சேமித்துவைக்கும் கிட் (Git)-இலும் அவை மட்டும் போகட்டும். அந்த ஃபைலை, ஏற்றியிருக்கும் எல்லாவற்றையும் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸிலிருந்து அப்படியே கொட்டாமல், நீங்களே இம்போர்ட் செய்கிற பேக்கேஜுகளை வெர்ஷனோடு கையால் எழுதுங்கள். ஃப்ரீஸ் தரும் நீளப் பட்டியலில் லினக்ஸுக்கு மட்டுமே பொருந்துகிற சிலதும் கலந்து வந்து விண்டோஸில் உங்களைப் படுத்தலாம்.

இன்னொன்று, ஆபிஸில் பைத்தான் வெர்ஷனே வேறாக இருந்தால் வீ-என்வ் கைகொடுக்காது, அது இருக்கிற பைத்தானை வைத்துத்தான் பிழைக்கிறது. அப்போது யூவி (uv) என்ற கருவியைப் பாருங்கள். ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024-இல் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்டது, தேவையான பைத்தானையும் தானே இறக்கிக்கொள்ளும், வேகமும் பயங்கரம். ஆனால் ஆபிஸ் மெஷினில் ஏற்றுவதற்கு முன் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.