கப்பேலு: எரிமலை மூடிய பங்கு (கேள்வி பதில்)

கேள்வி: கப்பேலு தனித் தீவா?

இல்லை. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுகளில் ஒன்று ஃபையால். அதன் மேற்கு முனையில் உள்ள பங்குதான் கப்பேலு. அங்கே பங்கு என்பது கிறிஸ்தவக் கோயிலின் எல்லை மட்டுமல்ல, நம் ஊராட்சி போல அரசு நிர்வாகத்தின் கடைசி அலகும் அதுவே. 1672இலேயே அந்தப் பக்கம் எரிமலை வெடித்திருக்கிறது.

கேள்வி: 1957இல் எரிமலை வெடித்தது கடலில்தானே? ஊருக்கு எப்படிச் சேதம்?

கடலில் வெடித்ததால்தான் இவ்வளவு சேதம். செப்டம்பர் 16 முதல் நிலம் அதிர்ந்துகொண்டே இருந்தது. 27ஆம் தேதி, கப்பேலுவின் கடலோரத்தில் உள்ள கப்பெலீன்யுஷ் கலங்கரை விளக்கத்திலிருந்து ஏறக்குறைய 1 கி.மீ. தள்ளிக் கடல் கொதித்தது. பாறைக்குழம்பில் கடல்நீர் பட்டால் நொடியில் ஆவியாகி, குழம்பைத் தூள்தூளாக்கி மேலே வீசும். அந்தத் தூள்தான் சாம்பலாக ஊர்மேல் விழுந்தது. எரிமலை வாய்க்குள் நீர் புகுவது நின்ற பிறகே, 1958 மே மாதத்தில், குழம்பு ஆறாக ஓடியது. அக்டோபர் 24இல் அடங்கியது.

கேள்வி: வெறும் சாம்பலுக்கா வீடு இடியும்?

அடுப்புச் சாம்பல் என்று நினைத்துவிட்டீர்கள். இது பொடியான கல். மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். ஓட்டுக்கூரையின் மரச்சட்டம் முறிந்துவிடும். சாம்பலும் மே மாத நிலநடுக்கங்களுமாகச் சுமார் 300 வீடுகள் போயின. 1903இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் இன்றும் சாம்பலுக்குள்தான். மேய்ச்சல் நிலம் மூடியதால் மாடுகளுக்குப் புல் இல்லை.

கேள்வி: எத்தனை பேர் இறந்தார்கள்?

வெடிப்பில் ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் பலர் ஊரைவிட்டே போனார்கள். செனட்டர்கள் பாஸ்டோர், கென்னடி கொண்டுவந்த அசோரஸ் அகதிகள் சட்டம் 1958 செப்டம்பரில் அமெரிக்காவில் நிறைவேறியது. 1,500 விசா என்பதைப் பார்த்து 1,500 பேர் என்று கணக்குப் போடாதீர்கள்: அது குடும்பத் தலைவர்களுக்கு மட்டும்; மனைவி, பிள்ளைகள் தனி. 1960இல் மேலும் 500 சேர்த்தார்கள். எரிமலையே ஊரை விரட்டியது என்பது பாதி உண்மைதான். வறுமை முன்பே இருந்தது, சட்டம் கதவைத் திறந்தது.

கேள்வி: எரிமலை கக்கியதால் கடலில் புதிதாக உருவான நிலத்தில் வீடு கட்டலாமா?

கட்ட நினைத்தாலும் நிலம் நிற்காது. முதலில் சுமார் 2.4 சதுர கி.மீ. இருந்தது, இப்போது அதில் ஏறக்குறைய கால்வாசிதான் மிச்சம். இறுகாத சாம்பலின் அடிவாரத்தை அலை அரிக்க, மேற்பகுதி சரிகிறது. 2008இல் திறந்த, எரிமலையைப் பற்றிப் பார்வையாளர்களுக்கு விளக்கும் மையத்தையும் நிலத்துக்கடியில்தான் அமைத்தார்கள். போனால் மூடிய காலணி போடுங்கள், காற்றடித்தால் சாம்பல் கண்ணில் விழும். விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள்.