கைதியை அடித்தது சிப்பாய், பதில் சொல்ல வேண்டியது யார்? வாசகர் கேள்விகள்

மேலதிகாரி சொன்னதால்தான் கைதியை அடித்தேன் என்று ஒரு சிப்பாய் சொன்னால் தப்பிக்க முடியுமா? (மதுரை வாசகர்)

முடியாது. கைதியை அடி, துணியை உருவு, தூங்க விடாதே என்ற உத்தரவெல்லாம் தப்பு என்று தெரிய சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. உத்தரவு இருந்தது என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமத்து மக்களைக் கொன்ற மை லாய் படுகொலை வழக்கில் லெப்டினன்ட் கேலி இதையேதான் சொன்னார். 1971இல் ராணுவ நீதிமன்றம் ஏற்கவில்லை. கூடவே இன்னொன்று: உத்தரவிட்டவரும் குற்றவாளிதான். ஒருவர் மாட்டினால் மற்றவர் விடுபட்டார் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஒரு நாட்டில் ராணுவம் பிடித்துப்போன போர்க் கைதி செத்துவிட்டார். யார் மேல் வழக்குப் போடலாம்? (ஊர் குறிப்பிடவில்லை)

ஊர் மட்டுமா குறிப்பிடவில்லை? எந்த நாடு, எந்த ராணுவம், அங்கே போர் நடந்ததா, செத்தவர் படைவீரரா பொதுஜனமா, எதுவுமே கடிதத்தில் இல்லை. போரில் பிடிபட்டவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்பவை ஜெனீவா ஒப்பந்தங்கள். எதிரிப் படைவீரர் என்றால் மூன்றாம் ஒப்பந்தம். ஆக்கிரமிப்பில் பிடிபட்ட பொதுமக்கள் என்றால் நான்காம் ஒப்பந்தம். உள்நாட்டுச் சண்டை என்றால் நான்கு ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3ஆம் பிரிவு. சித்திரவதை கூடாது என்பது எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் யார் மேல், எந்த நீதிமன்றத்தில் என்பது மாறும். பிடிபட்ட எல்லோரையும் போர்க் கைதி என்று எழுதாதீர்கள் என்று பல தடவை சொல்லிவிட்டேன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

எங்கோ உட்கார்ந்திருக்கும் தளபதிக்கு விஷயமே தெரியாது என்றால்? (கோவை வாசகர்)

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் யாமஷிதா, அமெரிக்க ராணுவ விசாரணைக்குப் பின் 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். கைதிகளையும் மக்களையும் கொல்லச் சொன்னார் என்பதல்ல குற்றச்சாட்டு, தன் படையைக் கட்டுக்குள் வைக்கவில்லை என்பதுதான். அவருக்கும் படைகளுக்கும் தகவல் தொடர்பே அறுந்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. இன்றைய அளவுகோல் தெளிவானது. தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தடுக்க அதிகாரம் இருந்ததா? தடுத்தாரா, தண்டித்தாரா? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம், 28ஆம் பிரிவு பாருங்கள்.

அபு கிரைபில் தவறு செய்த சிப்பாய்களைச் சிறையில் போட்டுவிட்டார்கள். நீதி கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் அதையே பேசுகிறீர்கள்? (சென்னை வாசகர்)

கிடைக்கவில்லை, அதனால் பேசுகிறேன்.

ஈராக்கில் பாக்தாத் பக்கத்தில் அமெரிக்க ராணுவம் நடத்திய சிறை அபு கிரைப். 2003 கடைசியில் அங்கே கைதிகளைக் கொடுமைப்படுத்தியதைப் படங்களில் உலகமே பார்த்தது. படங்கள் விசாரணைப் பிரிவின் கைக்குப் போனது ஜோசப் டார்பி என்ற சிப்பாயால். அதற்காக அவர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போக முடியாமல் போயிற்று. அப்புறம் என்ன நடந்தது? சிப்பாய்களில் கிரேனருக்கு 10 ஆண்டு, ஃபிரெடரிக்குக்கு 8, லிண்டி இங்கிலண்டுக்கு 3. தண்டனை பெற்றவர்கள் மொத்தம் பத்துப் பதினொரு பேர், எல்லோரும் கீழ்மட்டம். உளவுப் படைப்பிரிவின் கர்னலுக்குக் கண்டனமும் 8,000 டாலர் அபராதமும். சிறைகளின் பொறுப்பிலிருந்த பிரிகேடியர் ஜெனரலுக்குப் பதவியில் ஒரு படி இறக்கம். அந்தச் சிறையில் நடந்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரே அதிகாரி ஒரு லெப்டினன்ட் கர்னல். கொடுமை வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். விசாரணை பற்றிப் பேசாதே என்ற உத்தரவை மீறினார் என்ற ஒரு குற்றம் மட்டும் நின்றது, 2008இல் அதுவும் ரத்தானது.

சிப்பாய்கள் அந்த முறைகளைத் தாங்களாகக் கண்டுபிடித்தார்களா? கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவான்டனாமோவில் விசாரணைக்கென்று 2002 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் கையெழுத்திட்ட பட்டியலைப் பாருங்கள். உடையைக் களைவது, நாயைக் காட்டி மிரட்டுவது, மணிக்கணக்கில் நிற்க வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஆறு வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றார். ஆனால் பழக்கம் திரும்பவில்லை. 2003இல் குவான்டனாமோ தளபதியே ஈராக்குக்கு வந்து, விசாரணைக்குத் தோதாகக் கைதிகளைக் காவலர்கள் பக்குவப்படுத்த வேண்டும் என்று யோசனை சொன்னார். செஞ்சிலுவைச் சங்கம் அந்த அக்டோபரிலேயே சிறையைப் பார்த்து எச்சரித்தது. ஒரு சில சிப்பாய்கள் தாங்களாகச் செய்த காரியம் மட்டுமல்ல இது என்று 2008இல் அமெரிக்க செனட்டின் ராணுவக் குழுவே எழுதியது.

அடித்தவரைத் தண்டித்தது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏணியின் கீழ்ப்படியோடு நின்றுவிட்டது என்பதுதான் என் கோபம். படம் எடுத்தவர் மாட்டினார், பட்டியல் எழுதியவர் மாட்டவில்லை.

காவலில் இருப்பவரை அடித்தது தெரிந்தும் ராணுவ மருத்துவர் பேசாமல் இருந்தால்? (செவிலியர், திருச்சி)

பொறுப்பு உண்டு. 2003 செப்டம்பரில் ஈராக்கின் பாஸ்ராவில் ஓட்டல் வரவேற்பாளர் பஹா மூசா பிரிட்டிஷ் படையின் காவலில் ஒன்றரை நாளில் இறந்தார். உடலில் 93 காயங்கள். காயங்களைப் பார்க்கவில்லை என்ற மருத்துவரின் பேச்சை மருத்துவத் தீர்ப்பாயம் நம்பவில்லை, 2012இல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியது. கொடுமைப்படுத்தியதை ஒப்புக்கொண்ட கார்ப்பரலுக்கு ஓராண்டு சிறை. மற்ற ஆறு பேரும், அவர்களில் ஒருவரான கர்னலும், விடுதலை. கைதியின் தலையை உறையால் மூடி விசாரிப்பதை பிரிட்டன் 1972இலேயே தடை செய்திருந்தது. அந்தத் தடை படைக்குள் மறந்தே போயிருந்தது.

கூலிக்கு வந்த தனியார் நிறுவன ஆட்கள் செய்தால்? (சேலம் வாசகர்)

அவர்களும் தப்ப முடியாது. அபு கிரைபில் விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ நிறுவனம் மூன்று ஈராக்கியர்களுக்கு 4 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் வர்ஜீனியாவில் ஜூரி தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது 2008இல்.

கைதியை நட்பு நாட்டிடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? (நாகர்கோவில் வாசகர்)

தீராது. போர்க் கைதி அந்தச் சிப்பாயின் கையில் இல்லை, அந்த நாட்டின் கையில் இருக்கிறார் என்றுதான் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு தொடங்குகிறது. வாங்கிக்கொண்ட நாடு ஒழுங்காக நடத்தவில்லை என்று தெரிந்தால், ஒப்படைத்த நாடு நிலைமையைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் கைதியைத் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தப் பிரிவு சின்னதுதான், படித்துவிட்டு எழுதுங்கள்.