நவீன ஓவியக் கண்காட்சியில் ஒன்றுமே புரியாவிட்டால் என்ன செய்வது?

நண்பர்களோடு போன கண்காட்சியில் எல்லாரும் தலையாட்டினார்கள், எனக்கு மட்டும் வெறும் சாயமாகத் தெரிந்தது, நான் என்ன முட்டாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தலையாட்டியவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் இருந்திருப்பார்கள்.

நான் ஓவியம் படித்தவன் அல்ல. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில், ஃபினிஷிங் பிரிவில் 22 வருஷமாக ஷேடு பார்க்கிறேன். தோலை வாங்கும் பையர் அனுப்பும் துண்டுத் தோலின் நிறத்தை எங்கள் தோலில் கொண்டுவர வேண்டும், அதுதான் வேலை. என் அக்கா மகன் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். அவன் வேலூரில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்குப் பிடித்து மூன்று நாள் கண்காட்சி வைத்தான். வாசலில் கருத்து எழுதும் நோட்டோடு உட்கார்ந்தது நான்தான். வந்தவர்கள் பேசியது அத்தனையும் என் காதில் விழுந்தது.

மொத்தம் 14 படங்கள். ஒன்றிலும் ஆளோ மரமோ மாடோ கிடையாது. ஒரு டீச்சரம்மா ஒவ்வொரு படத்திலும் பிள்ளையாரைத் தேடினார். ஒன்றில் தும்பிக்கை கிடைத்ததும் மகிழ்ச்சியாகக் கிளம்பினார். அதில் தப்பே இல்லை, அவர் பார்த்தார். உறவுக்காரர் ஒருவர் மட்டும், "இதை என் பேரன் அஞ்சு நிமிஷத்துல பண்ணுவான்" என்றார். 14 படத்தையும் பார்க்க அவருக்கு அந்த அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஒழுங்கா வரைய வராதவங்கதான் இப்படிப் பண்றது" என்றும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆதிமூலம் என்று ஒருவர் இருந்தாரே, 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து குவித்தவர், அவரே பிற்பாடு உருவமில்லாத வண்ணப் படங்களுக்குத்தானே போனார், வரையத் தெரியாமலா போனார் என்று கேட்டேன். "தோல் கம்பெனிக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தோல் கம்பெனிக் கழிவு கலந்து பாலாறு கெட்டதில் எங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் சொல்லிவிட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் என் தங்கைக்கு வந்த வரன் ஒன்று, அண்ணன் தோல் கம்பெனியில் வேலை என்று கேட்டதுமே நின்றுபோனது. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்து எழுந்து போனதுண்டு. அவர்கள் காலில் போட்டிருந்ததும் தோல் செருப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மதியம் கரண்ட் போய்விட்டது. அப்போது உள்ளே இருந்தது ஒரே ஒருவர். சி.எம்.சி.க்கு யாரையோ சிகிச்சைக்குக் கூட்டிவந்த வங்காளத்துக்காரர். கையில் ஸ்கேன் கவர். காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கியிருப்பதாகச் சைகையும் அரைகுறை இந்தியுமாகச் சொன்னார். வெளிச்சத்துக்காக ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். அவர் ஆறாவது படத்தின் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். காலையிலிருந்து டியூப் லைட்டில் நான் பார்த்ததெல்லாம் ஒரு காய்ந்த பழுப்பு. இப்போது அந்தப் பழுப்புக்கு அடியிலிருந்து பச்சை கிளம்பியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அக்கா மகன் பச்சையை முதலில் பூசிக் காயவிட்டு, மேலே பழுப்பை ஏற்றி, பிறகு கத்தியால் இழுத்துச் சுரண்டியிருக்கிறான். சுரண்டின ஓரத்தில் தலைமுடி கனத்துக்குப் பச்சைக் கோடு.

இது என் தொழில்தான்! நாங்களும் பேஸ் கோட், கலர் கோட், டாப் கோட் என்று ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் ஏற்றுகிறோம். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் வெயிலில் வேறுவேறாகிவிடும், அதற்காகவே லைட் பாக்ஸில் விளக்கை மாற்றி மாற்றிச் சோதிக்கிறோம். இத்தனை தெரிந்த நானே ஒன்றரை நாள் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. அந்த மனிதர் மறுநாளும் வந்தார். நோட்டில் வங்காளியில் நாலு வரி எழுதிவிட்டுப் போனார்.

உருவமில்லாத எல்லா ஓவியமும் உசத்தி என்று நான் சொல்லவில்லை. அவனுடைய 14-லேயே மூன்று எனக்குப் பிடிக்கவில்லை, அவனிடமும் சொன்னேன். "சரி மாமா" என்றான், அவ்வளவுதான். நீங்கள் அடுத்த முறை பகலில் போங்கள். இது என்ன என்று கேட்பதற்கு முன்னால், எது முதலில் பூசியது, எது அப்புறம் என்று ஓரங்களில் தேடுங்கள். பிடித்த ஒரே ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றாலும் போதும்.

அந்த ஆறாவது படத்தை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், என் மனைவி பதில் சொல்லாமல் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவாள்.